கடைசிக் கச்சேரிக்குக் கொடுத்த மீசை

இந்தத் தடவை போயே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். வானம் இடிந்து விழுந்தாலும் சரி, என் மனைவி செவ்வந்தி குறுக்கே நின்றாலும் சரி. இரண்டாவதுதான் கொஞ்சம் கஷ்டம். அதனால் முடிவை அவளிடம் சொல்லவில்லை.

நான் பொன்னுரங்கம். கள்ளக்குறிச்சியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்று மோட்டார் புகைந்தாலும் என்னிடம் வரும். நான் புகைந்தால் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு கடை கிடையாது.

எனக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை. எரிமலை இருசப்பனை மேடையில் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பம்பைக்கும் உடுக்கைக்கும் நடுவே எலெக்ட்ரிக் கிதாரை மாட்டிக்கொண்டு நின்ற முதல் மனுஷன் அவர். நடவுப் பாட்டை எடுத்து கிதாரில் அலறவிடுவார். கூடவே பெருமாயி, மலைப்பாட்டுக்காரி. இரண்டு பேரும் சேர்ந்து கம்பங்கொல்லைப் பாட்டை ஆரம்பித்தால் எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும். கேசட்டில் கேட்டதற்கே இந்தக் கதி. அந்தக் கேசட்டைத் தின்று இரண்டு டேப் ரிக்கார்டர்கள் என் வீட்டில் உயிரை விட்டிருக்கின்றன. இருசப்பன் மாதிரியே மீசையும் வளர்த்தேன். இரண்டு பக்கமும் தாடை வரைக்கும் இறங்கி, அங்கே மனசு மாறி மேலே திரும்பும் மீசை.

நேரில் பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை. அவர் திருக்கோவிலூரில் பாடிய அன்றைக்கு எனக்குக் கல்யாணம். அடுத்த தடவை மகள் எழில்மதிக்குக் காதுகுத்து. அதற்கடுத்த தடவை மைதானத்துக்கே போய்விட்டேன். சரியான கூட்டம். ஓரமாகக் கரும்பு லோடு டிராக்டர் ஒன்று நின்றது. மேலே ஏறி வசதியாக உட்கார்ந்தேன். மேடையில் விளக்கு எரிந்தது. டிராக்டர் கிளம்பியது. நான் கத்தினேன். ஸ்பீக்கர் என்னைவிட ஜாஸ்தியாகக் கத்தியது. சர்க்கரை ஆலை வாசலில் வரிசையில் நின்றபோதுதான் டிரைவர் என்னைப் பார்த்தான். செவ்வந்தி ஆட்டோ வைத்துக்கொண்டு வந்து அழைத்துப் போனாள். வீட்டு வாசலில் இறங்கியதும் சட்டம் போட்டாள்.

"இனிமே கச்சேரின்னு வாயத் தொறந்தீங்க, அந்தக் கரும்போட உங்களையும் மெஷின்ல வுட்டுடுவேன்."

சட்டம் இன்றுவரை அமலில் இருக்கிறது.

இந்த ஆடியில் சேதி வந்தது. கல்வராயன் மலையில், வெள்ளிமலை மைதானத்தில், சனிக்கிழமை சாயங்காலம் இருசப்பனும் பெருமாயியும் பாடுகிறார்கள். இதுதான் கடைசி மேடையாம். இனிமேல் கிதாரைத் தொடமாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டாராம். இதையும் விட்டால் எனக்கு இருசப்பன் கிடையாது. கடையில் தனியாக உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்.

சிக்கல் என்னவென்றால், எங்கள் தெரு மாரியம்மனுக்குக் காப்பு கட்டியாயிற்று. காப்பு கட்டிக்கொண்டவன் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. என் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு. கட்டாமல் தப்பிக்க முடியாது, விழாக்குழுத் தலைவியே செவ்வந்திதான். எல்லை தாண்ட ஒரே ஒரு வழி உண்டு. நெருங்கிய சொந்தத்தில் சாவு விழ வேண்டும். அப்போது காப்பை அவிழ்த்து வைத்துவிட்டுப் போகலாம். ஆனால் சாவுக்குப் போய் வந்தவன் திருவிழா முடியும்வரை கோயில் பக்கம் தலைகாட்டக் கூடாது, தீட்டு. அதுவும் எனக்கு நல்லதாகவே பட்டது. கூழ் அண்டா தூக்க வேண்டாம். கோயில் மேடையில் வருஷா வருஷம் நடக்கும் அதே பட்டிமன்றத்தில் அதே நடுவரைப் பார்க்க வேண்டாம்.

ஆக, யாராவது சாக வேண்டும்.

உறவுக்காரர்களை ஒவ்வொருவராக மனசில் நிறுத்திப் பார்த்தேன். எல்லோரோடும் செவ்வந்தி தினம் போனில் பேசுகிறாள். அவளுக்குத் தெரியாமல் யாரும் தும்மக்கூட முடியாது. கடைசியில் அகப்பட்டது ரங்கம்மாள் சித்தி. என் அம்மாவின் தங்கை. களமருதூரில் தனியாக இருக்கிறாள், பிள்ளை குட்டி கிடையாது. யார் வீட்டுக் கல்யாணத்திலோ பந்தியில் இடம் பிடித்த தகராறில் அவளுக்கும் செவ்வந்திக்கும் பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. எங்கள் தெருவில் அவள் முகம் தெரிந்தவர்களும் இல்லை, விசாரிக்க ஆள் கிடையாது. சனிக்கிழமை காலையில் சித்தியின் கதையை முடித்தேன்.

"செவ்வந்தி, ரங்கம்மாள் சித்தி பூட்டாங்க."

அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "எங்க?"

"மேல."

"இன்னாங்க சொல்றீங்க? யாரு சொன்னது?"

"போன் வந்துச்சி."

"யாரு போனு?"

"அவங்க பக்கத்து வூட்டுக்காரரு."

"பேரு?"

"சாவு சொல்ல வந்தவன்கிட்ட பேரு கேப்பாங்களா?"

"எப்படிப் போச்சாம் உசுரு?"

"மாரடைப்பு. காபி குடிச்சிக்கினே இருந்தாங்களாம். டம்ளர் கைல, உசுரு மேல."

"அவங்க காபி குடிக்க மாட்டாங்களே."

"அதான் ஒத்துக்கல."

செவ்வந்தி என்னையே பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், நல்ல மனுஷி" என்றாள். போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள். தனியாக நின்று அழட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது, இவ்வளவு நன்றாகப் பொய் சொல்வேன் என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே.

திரும்பி வந்தவள் பீரோவைத் திறந்து அரக்குக் கலரில் ஒரு புதுப்புடவையை எடுத்தாள். "கோடி போடணும், எடுத்துக்கினு போங்க. முக்குக் கடையில மாலையும் கட்டச் சொல்லிட்டேன். நம்ப தெருவுல எல்லாருக்கும் சொல்லியாச்சு."

"எல்லாருக்குமா?"

"சாவு சொல்லாம இருப்பாங்களா? அப்புறம் இன்னொண்ணு. சித்திக்குப் புள்ள இல்ல. 'அக்கா புள்ள பொன்னுரங்கம் கையாலதான் கொள்ளி வாங்கணும்'னு அப்பவே சொல்லிக்கினு இருந்துச்சி அந்தம்மா. நீங்கதான் வெக்கணும்."

"நானா?"

"பின்ன நானா?"

"கொள்ளி வெச்சா..."

"மொட்ட. மீச. ரெண்டும்தான். பெத்த தாயாட்டம், செய்ய மாட்டீங்களா?"

கை தானாக மீசைக்குப் போனது. செவ்வந்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இருசப்பன் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணுக்குள் வந்து நின்றுவிட்டார். காப்பை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தேன்.

வெள்ளிமலை பஸ்ஸில் மடியில் சாவு மாலையோடு உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டு காலியாகவே வந்தது. பஸ் வளைந்து வளைந்து ஏற, குளிர்காற்று அடித்தது. சாமைக் கொல்லைகளின்மேல் மேகம் இறங்கிக் கிடந்தது. சித்தியைக் கொன்றதற்கு இவ்வளவு நல்ல காற்றா என்று நினைத்துக்கொண்டேன்.

இறங்கியதும் எதிரிலேயே சலூன் இருந்தது. முதலில் கடனை முடித்துவிட்டால் நிம்மதியாகக் கச்சேரி கேட்கலாம் என்று உள்ளே போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் மாலையைப் பார்த்தார்.

"யாருங்க தவறுனது?"

"சித்தி."

"மொட்டையா?"

"மொட்ட."

"மீசையுமா? இந்த மீசைய எடுக்க எனக்கே மனசு வரலீங்களே."

"எடுங்க. யோசிச்சா எழுந்துடுவேன்."

எடுத்தார். கண்ணாடியில் ஒரு பெரிய கத்திரிக்காய் என்னைப் பார்த்து அழுதது. போகட்டும், முடிதானே, வளரும், இருசப்பன் திரும்பக் கிடைப்பாரா என்று சொல்லிக்கொண்டு மைதானத்துக்கு நடந்தேன்.

மைதானத்தில் மேடை இருந்தது. மேடையில் யாரும் இல்லை. ஒரே ஒரு ஆள், காத்தான் என்று பேர், அந்த ஊர்க்காரர், ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"கச்சேரி எப்ப ஆரம்பிக்கும்?"

"கச்சேரி இல்லீங்க. இருசப்பன் அய்யாவுக்கு மூச்சு வாங்குதாம். மலை ஏறக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. வியாழக்கெழமையே சேதி வந்துடுச்சி."

மேடை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். "அப்போ கடைசி மேடை?"

"அத்த கீழ வெச்சிக்கினாங்க. நாளைக்கு சாயங்காலம். கள்ளக்குறிச்சியில ஒரு மாரியம்மன் கோயிலு. குழுத் தலைவி ஒரு அம்மா, கேட்ட கையோட போன் போட்டுப் பேசிப் புடிச்சிட்டாங்க. கெட்டிக்காரம்மா."

"அந்தம்மா பேரு?"

"செவ்வந்தின்னு சொன்னாங்க."

இருசப்பன் என் தெருவுக்கே வருகிறார். என் வீட்டுக்கு நாலாவது வீடு கோயில். நான் அந்தத் தெருவில் தீட்டுக்காரன். தலையைத் தடவினேன், வழுக்கிக்கொண்டு போனது. அப்படி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. ஒரு ஆடு வந்து சித்தியின் மாலையை முழுக்கத் தின்றுவிட்டுப் போயிற்று. நான் தடுக்கவில்லை.

வீட்டு வாசலில் செவ்வந்தி வாளியோடு நின்றாள். தொட்டித் தண்ணீரைத் தலையோடு ஊற்றினாள். மொட்டைத் தலையில் தண்ணீர் விழுகிற சத்தம் தெருவுக்கே கேட்டது. பையைத் திறந்து பார்த்தாள்.

"கோடி போடலியா?"

"கூட்டத்துல மறந்துட்டேன்."

புடவையை எடுத்து உள்ளே வைத்தாள். எனக்கு மாடிப்படிக்குக் கீழே ஒரு பாய், தனித் தட்டு, தனி டம்ளர். தட்டில் ரசம் சோறு. "கொள்ளி வெச்சவருக்கு இதுதான்" என்றாள்.

மறுநாள் மத்தியானம் மேளமும் பந்தலுமாகத் தெரு நிறைந்தது. சாயங்காலம் வேன் வந்து நின்றது. கிதாரை யாரோ சோதித்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு கம்பி, டொய்ங் என்றது. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. பட்டுப்புடவையும் குழு பேட்ஜுமாக வெளியே கிளம்பிய செவ்வந்தியைப் படிக்கட்டருகே மறித்தேன்.

"செவ்வந்தி, சித்தி சாகல."

"தெரியும்."

"தெரியுமா?"

"நீங்க சொன்ன கையோட தோட்டத்துக்குப் போயி அவங்களுக்கே போன் போட்டேன். அவங்கதான் எடுத்தாங்க. ரெண்டு பேரும் அழுதோம். பத்து வருசத்துப் பேச்சு. நீங்க சொன்ன சாவ மட்டும் அவங்களுக்குச் சொல்லல."

"அப்புறம் ஏன்டி என்ன மொட்ட போட வுட்ட?"

"போட மாட்டீங்க, மீசன்னு சொன்னதும் உண்மைய சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். உங்களுக்காகத்தாங்க அந்தாளப் பேசிப் புடிச்சேன். பட்டிமன்றத்தக்கூட நிறுத்திட்டேன். முன்வரிசையில நாற்காலி போட்டு, கச்சேரி அன்னிக்கு கையப் புடிச்சிக் கூட்டிக்கினு போயி உக்கார வெக்கணும்னு இருந்தேன்." அவள் குரல் நிஜமாகவே கம்மியது. "நீங்க அதுக்குள்ள சித்திய சாகடிச்சிட்டீங்க."

"இப்ப வரேன். சாவு பொய்யின்னு சொல்லிடலாம்."

"சொல்லுங்களேன். சாவு நெசம்னா தீட்டு. பொய்யின்னா, பொய் சொல்லி காப்ப அவுத்த குத்தம். குழு கூடி உங்கள நிக்க வெச்சிக் கேக்கும். தலைவி நான்தான் கேக்கணும். ரெண்டுலயும் கோயில் பக்கம் கால் வெக்க முடியாது. எதுங்க வேணும்?"

எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. படிக்குக் கீழே போய் உட்கார்ந்தேன்.

கச்சேரி ஆரம்பித்தது. மாடிக்கு ஓடினேன். பந்தலின் கூரைதான் தெரிந்தது. அதற்குக் கீழே எங்கேயோ இருசப்பன் இருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே பாடினார், ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே நான் இங்கே அவருக்காக மூச்சுப் பிடித்தேன். பெருமாயி குரல் எடுத்ததும் பந்தலே அடங்கிப்போனது. கம்பங்கொல்லைப் பாட்டு வந்தது. கிதார் அலறியது. நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கேசட்டில் கேட்டதுபோலவே மனுஷனைப் பார்க்காமல் கேட்டு முடித்தேன். கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன். யாருக்கும் தெரியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தேன். கேட்டைத் திறந்துகொண்டு செவ்வந்தியும், அவள் கையைப் பிடித்தபடி இன்னொரு அம்மாளும் உள்ளே வந்தார்கள். அந்த அம்மாளின் உடம்பில் அரக்குக் கலர் புதுப்புடவை. முகத்தில் கச்சேரி கேட்ட வேர்வை.

"முன்வரிசையில நாற்காலி சும்மாதான கெடந்துச்சி, அதான் சித்திய உக்கார வெச்சேன்" என்றாள் செவ்வந்தி.

ரங்கம்மாள் சித்தி என் மொட்டையையும் மழித்த முகத்தையும் மேலும் கீழும் பார்த்தாள். பதறிப்போய் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

"அடப்பாவி, எனக்கு ஒரு வார்த்த சொல்லலியேடா. யாருடா செத்தது?"