சிவானி அக்கா எடுத்த பதினொரு மார்க்

டோர்செட் பார்க், ஸ்காபரோ
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பும் மதிப்பும் நிறைந்த இராஜரட்ணம் பெரியப்பாவுக்கு,

மங்கையற்கரசி எழுதுவது. இங்கே நடந்தவை எல்லாவற்றையும் நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதப்போகிறேன். நாங்கள் மூவரும் சுகம். மெல்பேர்னில் குளிர் தொடங்கியிருக்கும். உங்கள் முழங்கால் வலி கூடாதிருக்க வேண்டுகிறேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் அப்பா வாசித்துவிடுவார். ஆகவே இதைத் தாளில் எழுதிப் படமெடுத்து, சிவானி அக்காவின் போனுக்கு அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். யூலை விடுமுறைக்கு நான் தனியாக உங்களிடம் வருவதாக இருந்தது. இப்போது அப்பா விடமாட்டேன் என்கிறார். காரணம் பெரியம்மா.

பெரியம்மா மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. போன ஞாயிறு அவர் குழுவில் ஒரு குரல் பதிவு அனுப்பினார் அல்லவா? "தம்பி, எங்கட சிவானி நேற்றுப் பதினொரு மார்க் எடுத்தவள்! கேக் வெட்டினனாங்கள்" என்று. பின்னாலேயே கேக்கின் படமும் வந்தது. அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, பதிவை மறுபடியும் போட்டுக் கேட்டார். "நூறுக்குப் பதினொண்டோ?" என்றார். "இருபதுக்காயும் இருக்கலாம்" என்று அம்மா ஆறுதல் சொன்னார். "இருபதுக்கெண்டாலும் பாஸ் மட்டுமட்டுத்தானே! அதுக்கு ஆரப்பா கேக் வெட்டுறது?" என்ற அப்பா, அண்ணையின் மனம் நோகக்கூடாது என்று உங்களிடம் ஒன்றும் நேரே கேட்காமல், "யோசிக்காதேங்கோ அண்ணை, எல்லாம் சரிவரும்" என்று மட்டும் எழுதினார். நீங்கள் உடனே, "என்னத்துக்கடா யோசிக்க? போன கிழமை நாலுதானே எடுத்தவள்" என்று பதில் போட்டீர்கள். அப்பா அப்படியே சோபாவில் படுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அம்மா கோயிலுக்குப் போய்ச் சிவானி அக்காவின் பெயருக்கு அர்ச்சனை செய்தார். ஐயர் என்ன விசேஷம் என்று கேட்க, அம்மா சோதினை விஷயத்தைச் சொல்ல, வரிசையில் நின்ற எல்லோரும் கேட்டுவிட்டார்கள். அப்பா கணக்குப் பயிற்சிப் புத்தகங்கள் ஒரு பெட்டி நிறைய வாங்கி உங்களுக்குத் தபாலில் போட்டார். எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கும் அன்ரனெற் ரீச்சர், கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர், அக்காவுக்கு சூமில் வகுப்பு எடுக்கத் தயாராகிவிட்டார். கடைசியில் அப்பா என்னைக் கூப்பிட்டு, "பதினொரு மார்க்குக்குக் கேக் வெட்டுற வீட்டில ஒரு மாசம் நிண்டால் நீயும் பழகிப்போடுவாய்" என்று சொல்லி, பயணத்தை நிறுத்திவிட்டார்.

பெரியப்பா, எந்த ஊருக்குப் போவதானாலும் அந்த ஊரைப் பற்றி வாசித்துவிட்டுப் போவது என் வழக்கம். அதனால் நூலகத்தில் அவுஸ்திரேலிய உதைபந்தாட்டம் பற்றிய புத்தகம் ஒன்று எடுத்திருந்தேன். சாதனைகள் முன்னால் இருந்தன. ரோனி லொக்கெற் என்பவர் தன் ஆட்டக் காலத்தில் 1360 கோல் அடித்தார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். விதிகள் பின்பக்கத்தில் இருந்தன. வியாழக்கிழமைதான் அந்தப் பக்கங்களுக்கு வந்து சேர்ந்தேன். ஒருவர் உதைத்த பந்து பதினைந்து மீற்றராவது பறந்து வந்து, நிலத்தில் படாமலும் வேறு ஒருவர் தொடாமலும் இருக்கும்போது கையால் பிடித்தால், அதற்குப் பெயர் மார்க்! சிவானி அக்கா சனிக்கிழமைகளில் கிளப்புக்கு இதே ஆட்டம் விளையாடுவது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

இரவுச் சாப்பாட்டில் இதை விளங்கப்படுத்தினேன். "பந்தைப் பிடிச்சால் மார்க்கோ? எந்த வாத்தியார் போடுறவர்?" என்றார் அப்பா. நான் புத்தகத்தில் 1970 இறுதியாட்டப் படத்தைக் காட்டினேன். ஜெசொலென்கோ என்பவர் எதிரணிக்காரரின் முதுகுக்கு மேலால் எழும்பிப் பந்தைப் பிடிக்கிறார். ஒரு இலட்சத்து இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட சனம் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டம் அது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மற்றவன்ரை முதுகில ஏறி மார்க் எடுக்கிறதோ? அது களவெல்லோ! ஒருத்தரும் பிடிக்கேல்லையோ?"

"பிடிச்சவர் அவர்தான் அம்மா" என்றேன்.

அப்பா சிரிக்கவில்லை. "உதெல்லாம் நீ மெல்பேர்ன் போறதுக்குச் சோடிக்கிற கதை" என்றார். அவருக்கு விளங்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கோயில் முழுக்கச் சொன்னதை எப்படித் திருப்பி எடுப்பது?

ஆகவே பெரியப்பா, நீங்களே அப்பாவுக்குப் போன் எடுத்து, தற்செயலாகச் சொல்வதுபோல, அது சோதினை மார்க் இல்லை என்று சொல்லவேண்டும். தயவுசெய்து சிரிக்காதீர்கள். புத்தகப் பெட்டி வந்தால் சிவானி அக்காவின் கண்ணில் காட்டவேண்டாம். ஓ, இதை அக்காவின் போனுக்குத்தானே அனுப்புகிறேன். அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கோ.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். அக்காவின் இரண்டு கைகளும் நல்லாயிருக்க வேண்டும்.

உங்கள் ஆசியை எதிர்பார்க்கும் பெறாமகள்,
மங்கையற்கரசி

பி.கு.: போன் எடுக்கவேண்டாம். இப்போதுதான் அன்ரனெற் ரீச்சர் வந்து, "பதினொரு மார்க் எடுத்த பிள்ளைக்குப் பின்னத்திலயிருந்து தொடங்குவம்" என்றார். அப்பா என் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். "ரீச்சர், அது என்ன மார்க்கெண்டு தெரியுமோ உங்களுக்கு? ஃபானிங் எண்டொருத்தர் 1947இல ஒரே ஆட்டத்தில பதினெட்டுக் கோல் அடிச்சிட்டு, அதோட அந்த லீக்கையே விட்டிட்டுப் போனவர், தெரியுமோ?" ரீச்சர் தெரியாது என்றார். "பிறகென்ன கதைக்கிறியள்!" என்று அவரை இருத்தி விதிகள் முழுவதையும் சொல்லிக் கொடுத்தார். ரீச்சர் போனதும் அப்பா விமான டிக்கெற் போட்டார். ஒன்றல்ல, இரண்டு. மாதம் முழுவதும் அவரும் நிற்பாராம். பன்னிரண்டாவது மார்க்கை அக்கா ஏன் விட்டவள் என்று உங்களிடம் நேரில் கேட்கவேண்டுமாம். இன்னும் எழுத இருக்கிறது, ஆனால் அம்மா லைற்றை நிற்பாட்டிவிட்டார்.