சாகாதவருக்கு அடித்த அலாரம்

நாலாம் கட்டிலில் அலாரம் மறுபடி அலறியது. ரெய்யோ லெஹ்தினன் விழுந்தடித்து ஓடினான். அங்கே ஹ்ரின்சுக் கிழவர் டிவியில் கர்லிங் ஆட்டம் பார்த்தபடி, மகள் கொண்டுவந்த பெரோகிக் கொழுக்கட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

"எனக்கு என்ன ஆச்சு தம்பி?" என்றார், வாய் நிறைய.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலை. அதுதான் கஷ்டம்" என்றபடி தலைமை நர்ஸ் நோரீன் உள்ளே வந்தார். "காலையில ஆறாம் கட்டில் அம்மா இறந்து போனாங்களே, அப்ப உன் மிஷின் வாயைத் திறந்துச்சா ரெய்யோ?"

திறக்கவில்லை. மிகவும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டிருந்தது.

பெரிய மருத்துவமனைகள் கைவிட்டவர்கள் கடைசியாக வந்து படுக்கும் இல்லம் அது. யாருக்கு முடிவு நெருங்குகிறது என்று முன்கூட்டியே சொன்னால் பிள்ளைகளை வரவழைக்கலாம். அதற்காகத்தான் ரெய்யோவின் கம்பெனி நோயாளிகளின் மணிக்கட்டுப் பட்டையிலிருந்து எண்களைப் படித்துக் கணிக்கும் ஒரு நியூரல் நெட்வொர்க் மிஷினைக் கொண்டுவந்து வைத்திருந்தது. தண்டர் பே நகரில் காகித ஆலை மூடியபின், ஐம்பது தாண்டிய அவனுக்கு அலைந்து திரிந்து கிடைத்த வேலை இது.

"சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா மூட்டை கட்டிக்கிட்டுக் கிளம்பு. உன் முதலாளிகிட்ட நானே பேசிக்கிறேன்" என்றார் நோரீன்.

ரெய்யோ மேசைக் கணினிக்கு ஓடினான். கணக்கைத் திறந்து பார்த்தான். நாடித்துடிப்பு எண்பது, உடல்சூடு முப்பத்தேழு என்று எண்களை அப்படியே ஊட்டினால் பெரியது சின்னதை மிதித்துவிடும். அதனால் ஒவ்வொன்றிலும் சராசரியைக் கழித்து, பரவலால் வகுத்து, எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்திருந்தான். ஆனால் அந்தச் சராசரியை இந்த இல்லத்து நோயாளிகளிடமே எடுத்திருந்தான். சராசரியிலிருந்து விலகியவருக்குத்தான் அலாரம் அடிக்கும்; சாகிறவர்கள் நடுவே சாவதுதான் இயல்பு. பெரோகி தின்பவர்தான் கோளாறு.

"ஆரோக்கியமானவங்க எண்களையும் கொஞ்சம் கலந்தா சரியாயிடும்" என்று நர்ஸுகளின் எண்களைச் சேர்த்தான். சராசரி இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்றது. அங்கே ஒருவரும் இல்லை. எல்லாக் கட்டிலிலும் அலாரம் சேர்ந்து அலறியது. உறவினர்கள் அழுதுகொண்டு ஓடிவந்தார்கள். ஒருவர் பாதிரியாரையே காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

நர்ஸுகளை அவசரமாக நீக்கினான். குழப்பத்துக்கு மூலகாரணம் என்று ஹ்ரின்சுக்கையும் கணக்கிலிருந்து தூக்கினான். அது இன்னும் மோசம். டீயை முழுதாகக் குடித்ததற்காக ஏழாம் கட்டில் அம்மாவுக்கு அலாரம் அடித்தது. நோரீன் சந்தேகப்பட்டு பட்டையைத் தன் மணிக்கட்டில் மாட்டிப் பார்த்தார். கூரை பிய்த்துக்கொள்ளும்படி அலறியது.

"ஆக, உயிரோட நல்லா இருந்தா இதுக்குப் பிடிக்காது" என்றார் நோரீன்.

"நான் வேணும்னா போய்ச் சேர்ந்துடறேன் தம்பி. உன் வேலையாவது நிலைக்கும்" என்றார் ஹ்ரின்சுக். கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை. ரெய்யோவுக்கு வெட்கமாக இருந்தது.

கடைசியில் புத்தி வந்தது. ஊரில் ஆரோக்கியமாக நடமாடுபவர்களின் எண்களைத் தேடி எடுத்து, அவற்றிலிருந்து சராசரியைப் போட்டு, புதுக் கணக்கைத் தயார் செய்தான். சோதிக்க ஒரு நல்ல உடம்பு வேண்டும். நோரீனிடம் மறுபடி கேட்கத் துணிச்சல் இல்லை.

"நான் கல்லு மாதிரி இருக்கேன், நானே படுக்கறேன்" என்றான் உதவியாளர் டார்லீனிடம். "நீ மேசைக்குப் போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கும்மா. புதுக் கணக்கு ஓட ஆரம்பிச்சுடும்."

காலியாகிவிட்ட ஆறாம் கட்டிலில் படுத்து, பட்டையை மாட்டிக்கொண்டான். காத்திருந்தான். சத்தமே இல்லை. இன்னும் காத்திருந்தான். மிஷின் சாதுவாக விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. ரெய்யோவுக்குக் கண் கலங்கிவிட்டது. படுத்தபடியே முதலாளிக்குப் போன் போட்டான்.

"சரியாயிடுச்சு சார். நல்ல உடம்புன்னு கண்டுபிடிச்சு கம்முனு இருக்கு. இனி ஒரு குறையும் வராது."

கை நிறைய அழுக்கு விரிப்புகளோடு டார்லீன் வாசலில் வந்து நின்றாள்.

"மன்னிச்சுக்குங்க சார், மூணாம் கட்டில்ல விரிப்பு மாத்தக் கூப்பிட்டுட்டாங்க. இன்னும் பொத்தானை அமுக்கலை, பழைய கணக்குதான் ஓடிட்டிருக்கு."