பிறந்த மாதத்துக்கு ஒரு கண்வில்லை

ஜனவரி பிறந்தால் எங்கள் அரிசோனா பாலைவனத்தில் இரண்டு கூட்டம் சேரும். ஒன்று, குளிருக்குப் பயந்து, வண்டியையே வீடாக்கிக்கொண்டு வடக்கிலிருந்து இறங்கும் ஓய்வூதியக் கூட்டம். இன்னொன்று, அந்தக் கூட்டத்துக்கு மொட்டையடிக்க வரும் கூட்டம். நான் முதல் வகை. இந்த வருஷம் இரண்டாவது வகையில் முதல் பரிசு பிரதர் ஆர்லோவுக்கு.

எங்கள் முகாமில் பாதிப் பேரிடம் சூரியனைப் பார்க்கிற சின்னத் தொலைநோக்கி உண்டு. கண் பொசுங்காமலிருக்க உள்ளேயே வடிகட்டி வைத்த குழல். அதில் கண் வைக்கிற முனையில் செருகும் வில்லைதான் கண்வில்லை. எந்தக் கண்வில்லை நல்லது என்று காலைக் காபியில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை எங்கள் ஆட்களுக்குச் சண்டைதான். சூரியன் இன்னும் பெரிசாகத் தெரியணும், இன்னும் பெரிசாகத் தெரியணும் என்று பறப்பார்கள். குழலின் வாயோ இரண்டு விரல் அகலம். நாலு ரொட்டிக்கு இருக்கிற வெண்ணெயை நாற்பது ரொட்டிக்குத் தடவினால் என்ன ருசி இருக்கும்? படம் மங்கிப்போகும். வெறும் சிவப்புத் தட்டு தெரியும்.

அந்த மங்கலில்தான் ஆர்லோ கடை விரித்தார்.

"நீங்க எந்த மாசம் பிறந்தீங்க, சகோதரி?" என்பார். வெல்வெட் பெட்டியில் பன்னிரண்டு கண்வில்லைகள், மாதத்துக்கு ஒரு நிற வளையம். "சூரியன் எல்லாருக்கும் முகம் காட்டாது. உங்க மாசத்து வில்லை வழியாத்தான் காட்டும்."

முதலில் உங்கள் பழைய வில்லையில் பார்க்கச் சொல்வார். சிவப்புத் தட்டு. பிறகு தன் வில்லையைச் செருகுவார். "பணிவு வேணும்" என்று உங்கள் தலைமேல் கறுப்புத் துணியைப் போர்த்துவார். "சூரியனை எழுப்பறேன்" என்று குழலில் இருக்கிற வளையத்தை மெல்லத் திருப்புவார். ஐயோ, விளிம்பில் நெருப்பு நாக்குகள்! பார்த்தவர்கள் அழுதார்கள். பக்கத்து வண்டிக்காரர் பிசிக்ஸ் படித்தவர், அவரும்தான் அழுதார்.

மகான் காசைக் கையால் தொடமாட்டார். பொருளாகத்தான் வாங்கிக்கொள்வார். ஜெனரேட்டர், சைக்கிள், ஒருத்தருடைய புத்தம்புது இறைச்சி அடுப்பு. என்ன துறவு!

அடுத்து எங்கள் முகாமிலிருக்கும் வெர்னாவின் முறை வந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷாவருஷம் சனிக்கோளைக் காட்டுகிற பெரிய தொலைநோக்கி அவளுடையது. அந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான். அதைக் கொடுத்து அக்டோபர் வில்லையை வாங்கத் துணிந்துவிட்டாள். ஆர்லோவின் வேனிலும் ஏற்றியாயிற்று. சொன்னால் கேட்கிற ஜென்மமா அவள்?

நல்லவேளை, அவள் தம்பி லாயிட் வந்து சேர்ந்தான். இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம், 'வீடு தானாகவே எரிஞ்சுபோச்சு' என்று வருகிறவர்களை விசாரித்தவன்.

"அக்கா, உனக்கென்ன பைத்தியமா? பிள்ளைங்க வந்தா எதைக் காட்டுவே?"

"நான் என் கண்ணால பார்த்தேன்டா!"

"சரி, என் திருப்திக்கு இன்னொரு தடவை பாரு. ஒரே ஒரு மாத்தம்தான்."

அவளுடைய சின்னச் சூரியக் குழலில், அதோடு இலவசமாக வந்த பழைய கண்வில்லையைச் செருகினான். ஆர்லோவின் துணியை எடுத்து அக்கா தலையில் போட்டான். வளையத்தைத் திருப்பினான். துணிக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

"லாயிட்... நெருப்பு தெரியுது."

"எவ்வளவு தெரியுது?"

"அவர் காட்டினதைவிட நல்லாத்தான் தெரியுது."

கூட்டம் சலசலத்தது. ஆர்லோ சிரித்தார். "என் வில்லை எழுப்பிவிட்ட சூரியன் இன்னும் தூங்கலை, தம்பி."

"அப்படியா அண்ணாச்சி? முழிச்சிருக்கும்போதே பார்த்துருவோம்." லாயிட் துணியை உருவினான், வளையத்தைப் பழைய இடத்துக்குத் திருப்பினான், அக்டோபர் வில்லையைச் செருகினான். "இப்ப பாருக்கா."

வெயில் கண்ணில் அடிக்க, வெர்னா குனிந்து பார்த்தாள். "தட்டுதான் தெரியுது. வெறும் சிவப்புத் தட்டு."

"துணி வெயிலை மறைக்குது. வளையம் சரியான சிவப்பைப் பிடிச்சுக் கொடுக்குது. அவ்வளவுதான் மந்திரம். சூரியன் முழுசா உள்ள அடங்கற சாதா வில்லை இந்தக் குழலுக்குப் போதும்."

பிசிக்ஸ்காரர் வெட்கத்தோடு அக்டோபர் வில்லையின் நிற வளையத்தை நகத்தால் சுரண்டினார். ஒட்டிய நிறத்தாள் உரிந்து வந்தது. மார்ச்சும் ஆகஸ்டும் உரிந்தன. பன்னிரண்டும் ஒரே வில்லை, ஒரே அளவு, ஒரே கடைச் சரக்கு.

"சூரியன் உங்களை மன்னிக்காது" என்றார் ஆர்லோ, வேன் சாவியைத் தேடிக்கொண்டே.

"அதை நாங்க பேசிக்கறோம்" என்றாள் வெர்னா. "முதல்ல பிள்ளைங்க சாமானை இறக்கு."

இறக்கினார். கூடவே ஜெனரேட்டரும் சைக்கிளும் இறைச்சி அடுப்பும் இறங்கின. அந்த வாரம் பள்ளிப் பேருந்து வந்தது. பிள்ளைகள் வரிசையில் தள்ளிக்கொண்டு சனியின் வளையத்தைப் பார்த்தார்கள். யாரும் அவர்கள் பிறந்த மாதத்தைக் கேட்கவில்லை.

ஆர்லோ இப்போது நெவாடாவில் ராசிக்கல் விற்கிறாராம், கூட்டம் தாங்கவில்லையாம். தொலைநோக்கியில் பார்க்க ஒரு கண் போதும், மக்களே. மகான்களைப் பார்க்கும்போதாவது இரண்டையும் திறங்கள். மேலே மூளை என்று ஒன்று இருக்கிறதே, அதையும் சேர்த்து.