புரட்டிப் போட்டால் பொருந்தும்

கணக்கு படித்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒன்று சரியென்று நிரூபித்துவிட்டால் போதும், அது உதவுமா என்று அப்புறம் யோசிக்கவே மாட்டோம். பெரம்பலூரில் எங்கள் வீட்டுச் சமையல் மேடை இதற்குச் சாட்சியாக இன்றும் இருக்கிறது, கரடுமுரடாக.

இரண்டாயிரத்துச் சில்லறை வருடம். எனக்குக் கல்யாணமான புதிது. எம்.எஸ்ஸி. கணக்கு, சமையல் பூஜ்யம். (நான் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு மாமனார், "வெந்நீர் நல்லாருக்கும்மா" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே வெந்நீர் என்று நினைத்துவிட்டார்.) அப்போது குரும்பலூர் போகிற வழியில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தோம். மாமியாருக்கு முட்டிவலி. அதுநாள்வரை தரையில் உட்கார்ந்தே சமைத்தவர். "நின்னுக்கிட்டு சமைக்கணும். மேடைக் கல்லு பளபளன்னு இருக்கணும்." அந்த வீட்டில் அவர் கேட்டது இவ்வளவுதான். அந்தக் கல்லை நானே வாங்கிவந்து நல்ல பேர் எடுத்துவிடுவதென்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

அளவெடுக்கக் கொத்தனார் வருகிறேன் என்றார். விடுவேனா? நானே டேப்பைப் பிடித்தேன். மேடை ஒரு சுவரில் நீளமாகவும் அடுத்த சுவரில் குட்டையாகவும் வரவேண்டும். கதவு இடிக்காமல் ஒரு முனையைச் சாய்வாக வெட்டவேண்டும். ஆக, ஏழு பக்கம் கொண்ட ஒரு கோணல் பலகோணம். பழைய காலண்டர் அட்டையின் வெள்ளைப் பக்கத்தில் அதைப் பத்தில் ஒரு பங்காக வரைந்து, கத்தரித்து எடுத்துக்கொண்டேன். அட்டையின் மறுபக்கத்தில் முருகன் மயிலோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

கல் அறுக்கும் பட்டறையில் கடப்பாக் கல்லைத் தேர்ந்தெடுத்தேன். மேல்பக்கம் பாலிஷ், அடிப்பக்கம் கரடு. பட்டறைக்காரரிடம் அட்டையைக் கொடுத்து, பாலிஷ் பக்கத்தில் சாக்பீஸால் கோடு போடச் சொல்லிவிட்டு, டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கோடு ஏதோ இடித்தது. அட்டையை எடுத்து வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி கல்மேல் வைத்தேன். நகர்த்தினேன், அட்டையின் மூலைகள் கோட்டின் மூலைகளுக்கு நேராக வரவில்லை. சுற்றினேன், அப்போதும் பொருந்தவில்லை.

"அட்டையைப் புரட்டிப் போட்டுப் பாருங்க" என்றார் பட்டறைக்காரர். "சாமி படமாச்சே, குப்புறப் போட்டா ஆவாதுன்னு முகம் மேல இருக்கிற மாதிரி வச்சுத்தான் போட்டேன்."

புரட்டினேன். முருகன் மேலே வந்தார். எல்லா மூலையும் நேராக வந்து நின்றது. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். எனக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார்.

"இங்க பாருங்க. நகர்த்தலாம், சுற்றலாம், புரட்டலாம். கடைசியில எல்லாப் பக்கத்தையும் பத்து மடங்கு பெருக்கினா சரியா இதுமேல உக்காந்திடும். அப்ப ரெண்டும் வடிவொத்ததுதான். நிரூபிச்சாச்சு!"

"படிச்சவங்க சொன்னா சரிதாங்க" என்று மெஷினைப் போட்டுவிட்டார்.

புதுமனை புகுவிழாவுக்கு முந்தின நாள் டிராக்டரில் கல் வந்து இறங்கியது. பளபளப்பு மேலே இருக்கும்படி தூக்கி வைத்தார்கள். நீளமான பக்கம் குட்டைச் சுவரைத் தாண்டி வாசலை மறித்துக்கொண்டு நின்றது. சமையலறைக்குள் நுழையவேண்டுமென்றால் ஜன்னல் வழியாகத்தான் குதிக்கவேண்டும்.

"என்னங்க இது, கல்லு எதிர்ப்பக்கமால்ல அறுத்திருக்கு?" என்றார் கொத்தனார்.

"புரட்டிப் போடுங்க, பொருந்தும்" என்றேன். எனக்கு இன்னும் உறைக்கவில்லை.

மூச்சுப் பிடித்துப் புரட்டினார்கள். பொருந்தியது. அப்படியொரு பொருத்தம்! சுவருக்கும் கல்லுக்கும் நடுவே நூல் நுழையாது. ஆனால் பாலிஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேலே, செருப்புத் தேய்க்கலாம் போல ஒரு கரடு.

என் வீட்டுக்காரர் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். (எம்.காம். அவருக்கென்ன தெரியும்?)

"வடிவொத்ததுதான்! கணக்குல தப்பே இல்ல!" என்று கத்திவிட்டு அழ ஆரம்பித்தேன். அட்டைக்கு மேல் கீழ் கிடையாது, கல்லுக்கு உண்டு என்கிற சின்ன விஷயம் எம்.எஸ்ஸி. வரை படித்த எனக்கு அந்த நிமிடம்தான் புரிந்தது. விடிந்தால் பால் காய்ச்சவேண்டும். வேறு கல்லுக்கு வழியில்லை. மாமியார் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் நான் கெடுத்துவிட்டேன். அப்படியொரு அவமானம் எனக்கு அதற்குமுன் வந்ததில்லை.

மாமியார் கல்லைக் கையால் தடவிப் பார்த்தார். கை சிராய்த்திருக்கும். காட்டிக்கொள்ளவில்லை.

"ஏம்மா, இதுகிட்ட நின்னு சமைக்கலாம்ல?"

"சமைக்கலாம் அத்தை."

"அப்புறம் எதுக்கு அழுவுற? ஒட்டுங்க கொத்தனாரே."

மறுநாள் அந்தக் கரட்டின்மேல் அடுப்பை வைத்துத்தான் பால் பொங்கியது. பொங்கி வழிந்த பாலைத் துடைக்க நான் அரைமணி நேரம் போராடினேன். துடைத்த துணி கிழிந்தது.

கல்லை மாற்றிவிடலாம் என்று பிறகு எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். மாமியார் விடமாட்டார். வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போவார். "பாலிஷெல்லாம் இருக்குங்க. கொஞ்சம் குனிஞ்சு அடியில பாருங்க." வந்தவர்களும் மரியாதைக்குக் குனிந்து பார்ப்பார்கள். சம்பந்தி வீட்டு ஆட்களை, அதாவது என் பிறந்த வீட்டாரைக்கூட விட்டுவைக்கவில்லை.

ஒருநாள் என் மகள் பள்ளிக்கூடச் சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள். நான் அதட்ட வாயெடுப்பதற்குள் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"புள்ளையத் திட்டாத. புரட்டித்தானே போட்டிருக்கா. உன் கணக்குப்படி சட்டை சரியாத்தான் இருக்கு."

நான் சட்டையைக் கழற்றிப் புரட்டி மாட்டிவிட்டேன். பொருந்தியது.