றமீஸின் சொந்தக் கரண்ட்

இனிமேல் மச்சான் சொல்லும் நேரத்துக்குப் படுப்பதில்லை என்று றமீஸ் முடிவு கட்டினான்.

நிந்தவூரில் கல்யாணம் முடித்தவனுக்கு வீடு மனைவியோடு வரும். வீட்டைச் சுற்றி மனைவியின் ஆட்களும் வருவார்கள். றமீஸ் இருந்ததும் ஸுல்பிகாவின் வீட்டில்தான். கிணறு அவளுடையது, தென்னைகள் அவளுடையவை, மதிலுக்கு அப்பால் குடியிருந்த, அவளோடு கூடப்பிறந்த மூத்த காக்கா மீராசாவும் அவளுடையவர். புயலும் வெள்ளமும் கரண்டுத் தூண்களைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, மீராசாவின் ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயர் மதிலேறி வந்து றமீஸின் வீட்டுக்குப் பல்பும் ஃபேனும் தந்தது. நல்ல மனுசன்தான். ஆனால் இரவில் இஷா தொழுதுவிட்டு வந்து, சோறு தின்ற கை காய்வதற்குள் மதிலுக்கு மேலால் குரல் வரும்.

"மச்சான், நிப்பாட்டப் போறன்! படுங்க!"

றமீஸ் படுப்பான். பால்குடிப் பிள்ளைகூட அவ்வளவு சொல் கேட்காது.

"புள்ள, நான் சொந்தமாக் கரண்ட் எடுக்கப் போறன்" என்றான் ஸுல்பிகாவிடம்.

"எதிலிருந்து?"

"என்ட மூளையில இருந்து."

"அப்ப சின்னப் பல்பாப் பாத்து மாட்டுங்க."

வயலில் தண்ணீர் இறைக்கும் மண்ணெண்ணெய் எஞ்சின் வந்தது. பழைய வேனில் கழற்றிய ஆல்டனேட்டர் வந்தது. இரண்டையும் ஒரு பலகையில் பூட்டிப் பெல்ட்டால் இணைத்தான். எஞ்சின் சுற்றினால் ஆல்டனேட்டர் சுற்றும், பட்டரி நிறையும், இன்வேட்டர் வழியாக வீடு வெளிக்கும். உள்ளதைச் சொல்ல வேண்டும், கைவேலையில் றமீஸ் கெட்டிக்காரன். பலகைதான் ஸுல்பிகாவின் சீதனக் கட்டிலில் கழற்றியது.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே மீராசாவின் வயரைச் சுருட்டி மதிலுக்கு மேலால் எறிந்துவிட்டான். "மச்சான், உங்கட கரண்ட் இனி வேணாம்!" என்று அவன் போட்ட சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

பிறகு கயிற்றை இழுத்தான். எஞ்சின் உறுமியது. தென்னையில் இருந்த காகமெல்லாம் காரைதீவுப் பக்கம் பறந்தன. பல்பு மட்டும் எரியவில்லை.

கல்முனையில் பட்டரிக் கடை வைத்திருக்கும் வினோஜுக்குப் போன் எடுத்தான்.

"றமீஸ் நானா, பட்டரி ஒரேயடியாச் செத்துக் கிடந்தா ஆல்டனேட்டர் எழும்பாது. முதல்ல பட்டரிக்குக் கொஞ்சம் கரண்ட் குடுக்க வேணும். பக்கத்துல ஆரிட்டயும் ஜெனரேட்டர் இல்லயா?"

"இல்ல" என்று போனை வைத்தான் றமீஸ்.

மதிலுக்கு அப்பால் போய்க் கேட்பதைவிட இருட்டில் இருக்கலாம். ஆனால் இன்றிரவு இருட்டில் இருந்தால் நாளைக்குப் பள்ளிவாசலில் முகம் காட்ட முடியாது. எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தினான்.

ஸுல்பிகா வந்து பெல்ட்டை விரலால் அமத்திப் பார்த்தாள்.

"இஞ்சருங்க, இது தேஞ்சி போச்சி. அக்கரைப்பற்றுக்குப் போய்ப் புதுசு எடுத்துட்டு வாங்க."

"பெல்ட்டா பிழை?"

"பெல்ட்டுதான்."

பெல்ட்டாகவே இருக்க வேண்டும் என்று றமீஸ் மனதார ஆசைப்பட்டான். பஸ் ஏறினான்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து புதுப் பெல்ட்டை மாட்டிக் கயிற்றை இழுத்தான். பல்பு எரிந்தது!

"பாத்தியா? வினோஜுக்கு என்ன தெரியும்!"

"மாஷா அல்லாஹ், உங்கட கை கைதான்" என்றாள் ஸுல்பிகா. அதை அவள் மனதாரத்தான் சொன்னாள்.

ஒழுங்கைச் சனமே வந்து பார்த்தது. மீராசாவும் வந்து எஞ்சினைச் சுற்றிப் பார்த்தார்.

"என்ட ஜெனரேட்டர் பெற்றோல் குடிச்சே என்னை முடிச்சிரும் மச்சான். எங்களுக்கும் ஒரு வயர் தருவீங்களா?"

றமீஸின் நெஞ்சு சட்டைக்குள் நிற்கவில்லை. "ஒண்டென்ன மச்சான், ரெண்டு எடுங்க!"

கேட்கும்போதே மீராசாவின் கையில் அந்தச் சுருட்டிய வயர் இருந்தது. றமீஸ் அதைப் பற்றி இஷாவுக்குப் பிறகுதான் யோசித்தான். யோசிக்க நேரம் இருந்தது. இரண்டு வீட்டு ஃபேனுக்கும் பட்டரி தாக்குப்பிடிக்காமல், எஞ்சினை ஓட்டிக்கொண்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டு, காது அடைத்துப்போய் அதன் பக்கத்தில் இருந்தான். ஸுல்பிகா பிளேன்டீ கொண்டு வந்தாள்.

"புள்ள, காக்கா வயரோடயே வந்தாரே?"

"வருவார்தானே. நீங்க பஸ்ஸில போன நேரம் அவர்ட ஜெனரேட்டர்லதான் பட்டரிக்கு உசிர் குடுத்தன். சும்மா தருவாரா? எஞ்சின் ஓடினா எங்களுக்கும் கரண்ட் வேணும் எண்டார். நான் ஓம் எண்டன்."

"அப்ப பெல்ட்?"

"பழைய பெல்ட்டுக்கு ஒண்டுமில்ல. உங்களை வளவ விட்டு அனுப்ப ஒரு சாட்டு வேணுமே. பயப்படாதங்க, வாய் திறக்கப்படாது எண்டு காக்காட்ட சத்தியம் வாங்கியிரிக்கன்."

கோபம் வர வேண்டிய இடம். றமீஸுக்கு வரவில்லை. அவன் மானத்தையும் காப்பாற்றி, காக்காவையும் சமாளித்து, பேரை முழுக்கப் புருசனுக்கே கொடுத்துவிட்டுப் பிளேன்டீயும் ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்! இவள்தான் எஞ்சினியர் என்று நினைத்தபோது அவனுக்குப் பெருமையாகவே இருந்தது. எப்படியும் இன்றிரவு தான் நினைத்த நேரத்துக்குப் படுப்பான்.

"சரி புள்ள, போதும். நிப்பாட்டிட்டுப் படுப்பம்" என்று எஞ்சினில் கை வைத்தான்.

மதிலுக்கு மேலால் குரல் வந்தது.

"மச்சான், நிப்பாட்டிராதங்க! நாங்க இன்னம் படுக்கல்ல!"