மூன்று தவறு விதியும் பாலசமுத்திரத்து மேதையும்

உலகில் அறிவாளிகள் இரண்டு வகை: அறிவோடு பிறந்தவர்கள், சான்றிதழ் வாங்கியவர்கள். முதல் வகையினரை இரண்டாம் வகைக்கு உயர்த்தும் புனிதப் பணி திருச்சானூரில் ஒரு லாட்ஜின் மாடியில் நடக்கிறது. யாத்ரீகர்கள் வராண்டாவில் காயப்போட்ட ஈர வேட்டிகளுக்கு அடியில் குனிந்துதான் எங்கள் 'மேதைமை மதிப்பீட்டு மையத்துக்குள்' வர முடியும். உளவியலாளர் கோபிகிருஷ்ணன் சாருக்கு அதில் வருத்தமில்லை. மேதைகளுக்காக எவ்வளவு வேண்டுமானாலும் குனியலாம் என்பார்.

நான் அங்கே பயிற்சி உதவியாளர். மாலையில் திருப்பதியில் ஆலோசகர் டிப்ளமா வகுப்பு, பகலில் இங்கே ஸ்டாப்வாட்ச். சரியாக அமுக்கினேனா என்ற சந்தேகத்தில் சுவர்க் கடிகாரத்தையும் பார்த்துக்கொள்வேன். குழந்தை சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும் என்பது வகுப்பில் முதல் பாடம். நான் இருமலைக்கூட எழுதுவேன்.

எங்கள் சோதனையில் பத்துப் பகுதிகள். எந்தப் பகுதியிலும் தொடர்ந்து மூன்று விடை தவறினால் அத்தோடு அதை நிறுத்தி, அதற்கான பெட்டியை மூடிவிட வேண்டும். குழந்தையின் மனம் புண்படக் கூடாது என்ற கருணை. இந்தக் கருணை குழந்தைக்குத் தெரியக் கூடாது என்பது அடுத்த விதி.

பாலசமுத்திரத்திலிருந்து வந்த கீர்த்திக்கு எட்டு வயது. அவள் அப்பா வேணு மாந்தோப்பு வைத்திருக்கிறார். எங்கள் சோதனையில் ஐ.க்யூ. 130 எடுத்தால் திருப்பதியில் ஒரு தனியார் பள்ளியின் 'மேதைப் பிரிவில்' இடம் உறுதி. ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். வீட்டைப் பார்ப்பது ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

முதல் அமர்வில் சார் கேட்டதற்கெல்லாம் கீர்த்தி பதில் சொன்னாள். அதனால் இரண்டரை மணி நேரம் ஆனது. அவளுக்கு முன் வந்த மஞ்சு என்ற சிறுமி எல்லாவற்றையும் தப்பாகச் சொல்லிவிட்டு, இருபதே நிமிஷத்தில் வெளியே போய்க் குச்சி ஐஸ் தின்றுகொண்டிருந்தாள். கீர்த்தி ஜன்னல் வழியே அதைப் பார்த்தாள். 'கவனச் சிதறல், நான்கு வினாடி' என்று எழுதினேன்.

126 வந்தது. மீதி நான்கும் அடுத்த வாரம் இன்னொரு அமர்வில் வந்து சேர்ந்துவிடும் என்று சார் தேற்றினார்.

அடுத்த வாரம் சார் கேட்டார். "வாரத்துக்கு எத்தனை நாள்மா?"

"ஒம்பது."

"வாழைப்பழம், ஆரஞ்சு. ரெண்டும் எந்த வகையில ஒண்ணு?"

"ரெண்டுமே பஸ்ஸு சார்."

பதினெட்டு நிமிஷத்தில் முடிந்தது. நான் எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு பகுதியிலும் சரியாக மூன்று தவறு. மொத்தம் முப்பது. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை.

சார் உள்ளே மதிப்பெண் கூட்டிக்கொண்டிருந்தபோது, கீர்த்தி செருப்பு மாட்டியபடி என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்.

"மூணு தப்பு சொன்னா பொட்டிய மூடிடறீங்க இல்லக்கா? தெரிஞ்சிதான் சொன்னேன். ஆஸ்டல் வாணாம். வூட்லேர்ந்தே படிக்கிறேன். சார்கிட்ட சொல்லிடாத."

எழுதலாமா? எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதி அழித்தேன். மூன்றாம் முறை, அவள் சொன்னது முழுவதையும் எழுதிவிட்டேன். 'வாணாம்' என்று அவள் சொன்னபடியே எழுதினேன். அதைப் படித்தால் யாரும் அவளை ஹாஸ்டலுக்கு அனுப்ப மாட்டார்கள் என்று நம்பினேன். குறிப்புப் படிவத்தை மடித்து சாரின் மேஜையில் வைத்தேன்.

மதிப்பெண் 58. வேணு கேட்டார்.

"போன வாரம் மேதாவின்னீங்களே சார். ஒரு வாரத்துல எங்க பூட்ச்சி?"

"எங்கேயும் போகல. வெட்கப்பட்டு உள்ள உக்காந்திருக்கு. பன்னிரண்டு ஆலோசனை அமர்வுல வெளிய வந்துடும்."

"அது உள்ளயே குந்திக்கினு இருக்கட்டும் சார். ஊரு ஸ்கூலே போதும்."

கீர்த்தி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரே தாவலில் இரண்டு படியாக இறங்கினாள். அவ்வளவு மகிழ்ச்சியான '58'ஐ எங்கள் மையம் கண்டதில்லை.

அப்போதுதான் சார் என் குறிப்பைப் பிரித்தார். ஈர வேட்டி ஒன்று தோளில் விழுந்ததுகூடத் தெரியாமல் மாடிப்படிக்கு ஓடினார்.

"வேணு காரு, ஆகண்டி. நில்லுங்க. நாங்க அவளைச் சோதிக்கல, அவதான் எங்க சோதனையைச் சோதிச்சிருக்கா. இது நூத்தம்பதுக்குக் கொறையாது. சீட்டு உறுதி."

வேணுவின் முகம் மலர்ந்தது. கீர்த்தியின் கை அவர் கையிலேயே இருந்தது, ஆனால் இப்போது பிடித்திருந்தது அவர்தான். குறிப்பின் மீதி வரிகளையும் படிக்கும்படி சாரிடம் சொன்னேன். படித்தார். "இது படிவத்துக்குச் சம்பந்தமில்லாததும்மா" என்று 'ஆஸ்டல் வாணாம்' என்பதை மட்டும் சிவப்பு மையில் அழகாக அடித்தார்.

கீர்த்தி சாரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"உன்கிட்டதானேக்கா சொன்னேன்."

அதையும் எழுதினேன்.

மாதக் கடைசியில் என் பயிற்சி ஏடு சாரின் கையெழுத்தோடு வந்தது. 'குழந்தை சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டல்' என்ற தலைப்பின் எதிரே மதிப்பெண் போட்டிருந்தார். சந்தேகத்தில் இரண்டு முறை பார்த்தேன். பத்துக்குப் பத்துதான்.