விசா வாங்கி வெயில் காயப் போனவர்

நீலகிரியில் காட்டெருமை பார்த்திருப்பீர்கள், கருங்குரங்கு பார்த்திருப்பீர்கள். லாங் ஸ்டே விசாக்காரரைப் பார்த்திருக்கிறீர்களா? அவரைத் தேடிக் காட்டுக்குள் போக வேண்டாம், பெரிய படிப்பும் வேண்டாம். படித்தவர்கள் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வெறுங்கண்ணாலேயே பிடித்துவிடலாம். ஐப்பசி பிறந்ததும் கக்கத்தில் பிளாஸ்டிக் பைலோடு டீக்கடைக்கு வருவார். டீ ஆறிவிடும். பைல் மூடாது.

ஊட்டி காந்தலில் இந்த இனத்துக்குத் தலைவர் சுடலைமுத்து. அருவங்காடு பேக்டரியில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி மரகதத்துக்குப் பனி விழுந்தால் மூச்சு இழுக்கும். குளிர்காலத்துக்கு மட்டும் சூடான ஊரில் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு ஆளாக இருந்தால் மேட்டுப்பாளையத்தில் ஒரு வீடு பார்த்திருப்பார். இரண்டு மணி நேரத்தில் பஸ் இறக்கிவிட்டுவிடும். ஆனால் மேட்டுப்பாளையம் போக விசா வேண்டாமே? விசா கேட்காத ஊருக்குப் போய் என்ன மரியாதை?

ஆகவே இலங்கை. பேங்க் கடிதம், போலீஸ் சான்று, ரத்தம் சோதித்த சீட்டு, கேட்ட காகிதம், கேட்காத காகிதம், காது தெரியவில்லை என்று மரகதத்தை நாலு தடவை உட்கார வைத்து எடுத்த போட்டோ, இத்தனையும் சேர்த்து, ஒவ்வொன்றையும் டீக்கடையில் பக்கத்து வீட்டு நெல்சனிடம் காட்டி, நெல்சன் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று தப்பிக்கப் பார்த்தால் தானே வாசித்துக் காட்டி, கடைசியில் ஆளுக்கொரு விசா வாங்கி, கார்த்திகை முதல் வாரத்தில் நீர்கொழும்புக் கடலோரமாக ஒரு சின்ன வீட்டில் போய் இறங்கினார்.

மறுநாளிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு நெல்சனுக்கு வீடியோ கால். வெறும் பனியனோடுதான் வருவார். காற்று அடித்தாலும் கையில் விசிறி இருக்கும்.

“அங்க எத்தனை டிகிரி?”

குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து நெல்சன் ‘எட்டு’ என்றால் முகம் மலரும். ‘ஆறு’ என்றால் மரகதத்தைக் கூப்பிட்டுச் சொல்வார். வெளிநாடு போகிறவர் வெயிலுக்குப் போகிறார் என்றா நினைத்தீர்கள்? இல்லை. ஊரில் மிச்சப்பேர் நடுங்குவதைத் தூரத்தில் இருந்து பார்க்கப் போகிறார்.

மார்கழி பிறந்தது. பனியைக் காணோம்.

“நல்ல வெயிலுங்ணா. ஸ்வெட்டரைத் தொவச்சுக் காயப் போட்டுட்டேன்” என்றார் நெல்சன்.

அன்றைக்குச் சுடலைமுத்துவுக்கு மீன்குழம்பு இறங்கவில்லை. ஊரே வெயில் காய்ந்தால் இவர் எதிலிருந்து தப்பி வந்தார்? சரி, வந்த இடத்திலாவது மதிப்பு உண்டா? தெருவில் பாதிப்பேர் இதே மாதிரி விசாவில் வந்த வெள்ளைக்காரத் தாத்தாக்கள். மீன்காரர் ஒருவர், “ஊட்டியோ? எங்கட குளிர் ஊர் நுவரெலியா மாதிரியோ?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். பைலைத் திறக்க வழியே இல்லை.

கடைசியில் ஒரு காலை நெல்சனிடமிருந்து வீடியோ வந்தது. புல்லெல்லாம் உப்புக் கொட்டின மாதிரி உறைபனி. ஜீப் கண்ணாடியை ஆட்கள் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். சுடலைமுத்துவால் தாங்க முடியவில்லை. இப்பேர்ப்பட்ட பனி விழுந்திருக்கிறது, தான் பனிக்குத் தப்பியதை நேரில் சொல்ல அவர் அங்கே இல்லை. இந்த ஊர்ச் சோறு ஒத்துக்கொள்ளவில்லை, கிளம்பு என்று மரகதத்திடம் சொன்னார்.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த மரகதம் நிமிரவில்லை.

“ஏனுங்க, பனி விழுந்தா நம்மூட்டுல நான் தலகாணிய அடுக்கி உக்காந்துதான் தூங்குவேன். இங்க வந்ததுல இருந்து படுத்துத் தூங்கறேன். இன்ஹேலர எங்க வெச்சேன்னே தெரியலைங்க.”

“அதுக்கு?”

“உங்களுக்குச் சொல்றதுக்கு ஆளு வேணும். நீங்க போய்ச் சொல்லுங்க. நான் மாசி பொறந்துதான் வருவேன்.”

“தனியாவா இருப்பே?”

“எனக்குந்தான் தனி விசா இருக்குதுங்களே.”

அவர் தனியாகத்தான் மலையேறினார். அடுத்த நாள் டீக்கடையில் ரெண்டு ஸ்வெட்டருக்குள் உட்கார்ந்து, பல் கிட்டிக்கொள்ள, அங்கெல்லாம் இப்போது பேன் போடாமல் படுக்கவே முடியாது என்று எட்டுப் பேருக்குச் சொன்னார். அப்படிப்பட்ட இடத்தை விட்டு எதற்கு வந்தீர்கள் என்று நெல்சன் கேட்டதும் இன்னொரு டீ சொன்னார். முகத்தில் மட்டும் அப்படியொரு சந்தோஷம். கடலோரத்தில் மரகதத்துக்கும் அதே சந்தோஷம், குறட்டையோடு.

சிரிக்கிறீர்கள். நல்லது. போன கோடையில் பெங்களூரு மகள் வீட்டில் போய்த் தங்கினீர்களே, பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்து ‘நம்ம தெருவுல நாலு நாளா தண்ணி வரலீங்க’ என்றாரே, அடடா அடடா என்றீர்களே, அப்போது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.